துப்பாக்கிக்கு எதற்கு மெத்தை?

பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் வாயைத் திறப்பதற்கு முன் நிதானிக்க வேண்டும் என்பது குஷன் அக்காவுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் கோணலாக ஓடிய தையலைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். கையை அடக்கினாலும் வாய் முந்திக்கொள்ளும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவே அவள் கடை. வேன் சீட்டு, பஸ் சீட்டு, லாரித் தார்ப்பாய், தியேட்டர் நாற்காலி என்று பஞ்சும் ரெக்சினும் சம்பந்தப்பட்ட எதுவானாலும் அங்கேதான் வரும். தெருவே அவளைக் குஷன் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு பெயர்ப்பலகையிலேயே எழுதிப் போட்டுக்கொண்டாள்.

மகளின் மாமனார் அச்சகம் வைத்திருந்தவர். மகன் தலையெடுத்ததும் அச்சகத்தை அவனிடம் விட்டுவிட்டுப் பழைய ராணுவ வண்டிகள் மேல் பைத்தியமானார். மரம் அறுக்கும் மில்லின் பின்புறம், எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்த ஒரு லாரியை இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றைக்கு அவர் மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினார். எஞ்சின் ஓடத் தொடங்கிய நாளில்தான் பேச்சும் மறுபடி ஓடியது. அதுவும், "புகை உள்ள வருது, ஜன்னலை மூடுங்க" என்ற அளவில்.

எஞ்சின் ஆயிற்று, பாடி ஆயிற்று. சீட்டும் மேல் தார்ப்பாயும்தான் பாக்கி. அதற்குச் சம்பந்தியம்மா இருக்கும்போது வேறு கடைக்குப் போவாரா?

குஷன் அக்கா அளவெடுக்கப் போன நாள், சம்பந்தி அவளை லாரியின் பின்பக்கத்தில் ஏற்றி, திரை விலக்குகிற நாடகக்காரர் மாதிரி ஒரு சாக்கை விலக்கினார்.

"பாருங்க சம்பந்தியம்மா."

டிரைவர் அறைக்குப் பின்னால், தரையில், பிறை நிலா மாதிரி வளைந்த இரண்டு இரும்புத் தாங்கிகள் அருகருகே நின்றன. வளைவின் வாய் மேலே பார்த்தபடி இருந்தது. இரண்டின் ஓரங்களிலும் வார் நுழைகிற மாதிரி நீளத் துளைகள். பக்கவாட்டுப் பலகையில் வரிசையாகக் கொக்கிகள். ஒன்று அகலம், ஒன்று குறுகல், ஒன்று கீழே, ஒன்று தலைக்கு மேலே. எதுவும் எதனோடும் ஒத்துப்போகவில்லை.

"மில்லுக்காரங்க யாராவது வச்சிருப்பாங்களோ அண்ணா?"

"அதான் இல்லை!" சம்பந்தி விரலை ஆட்டினார். "நானே உட்கார்ந்து சுரண்டினேன். மேல நீலம், அதுக்கடியில மஞ்சள், எல்லாத்துக்கும் அடியில ராணுவப் பச்சை. அந்தப் பச்சை ரிவெட் தலை மேலேயும் ஒரே சீரா ஓடுது பாருங்க. இந்த இரும்பை அடிச்ச பிறகுதான் பெயின்ட்டே அடிச்சிருக்காங்க. பிறந்தப்பவே கூடப் பிறந்தது இது."

குஷன் அக்கா குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி. மனுஷன் சும்மா சொல்லவில்லை, முழங்கால் தேய உட்கார்ந்து சுரண்டியிருக்கிறார்.

"சரி, இது என்னவாம்?"

சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "மெஷின் கன். மெஷின் கன் உட்கார்ற தாங்கி. இந்தக் கொக்கியெல்லாம் குண்டு மாலை தொங்கவிட."

வளைவின் உள்பக்கம் கம்பளித் துணியின் எச்சம் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. குஷன் அக்கா நகத்தால் நிமிண்டினாள். கொக்கிகளிலும் அதே துணி. அங்கேதான் வாய் முந்திக்கொண்டது.

"துப்பாக்கிக்கு எதுக்கு அண்ணா மெத்தை?"

"அதிர்வு! சுடும்போது அதிராதா? அதைத் தாங்கத்தான்."

"எனக்கென்னவோ தண்ணி பீப்பாய் வைக்கிற இடம் மாதிரி இருக்கு."

சொல்லியிருக்க வேண்டாம். சம்பந்திக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவரும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மாப்பிள்ளையை அனுப்பித் தெருக்கோடியில் வேலை நடக்கிற கட்டடத்திலிருந்து ஒரு மரப் பீப்பாயை வாங்கி வரச் சொன்னார். நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். பீப்பாய்க்கு நடுவயிறு பெருத்தும் இரண்டு முனையும் சிறுத்தும் அல்லவா இருக்கும்? தாங்கிகளோ இரண்டும் ஒரே அளவு. பீப்பாய் இப்படிச் சாய்ந்தது, அப்படிச் சாய்ந்தது, பிறகு எவரையும் கேட்காமல் பின்பலகை வழியே இறங்கி, வாசல் சரிவில் உருண்டு, எதிர்வீட்டு கேட்டில் மோதி நின்றது. எதிர்வீட்டு நாய் அன்று முழுக்கக் குரைத்தது.

"தண்ணி வச்ச இடம்னா அடியில துரு தின்னிருக்கும் சம்பந்தியம்மா. இங்க சல்லிக்காசு அளவு துரு இல்லை," என்றார் சம்பந்தி, வெற்றியை மறைக்கப் பார்த்தும் முடியாமல்.

குஷன் அக்கா ஒப்புக்கொண்டாள். அவள் சொன்னது தப்புதான். ஆனால் அவர் சொன்னது சரி என்றும் மனசு சொல்லவில்லை. தாங்கிகளின் வளைவை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உள்ளே புதுக் கம்பளி வைத்துத் தைத்துத் தர வேண்டும் என்று சம்பந்தி கேட்டிருந்தார்.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, மாமா மரத்துல மெஷின் கன் கடைஞ்சு வாங்கிட்டாரும்மா. கறுப்பு பெயின்ட் அடிச்சு மாடியில காய வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை மைதானத்துல பழைய வண்டிக் கண்காட்சி. ஊர் பூரா சொல்லி வச்சிட்டாரு."

"நல்லது."

"நல்லதுன்னு சொல்றப்பவே உன் குரல் சரியில்லை. நீ ஒண்ணும் சொல்லிக் கெடுத்துடாதம்மா. அந்த கேப்டன் வேற தினம் வந்து உசுப்பேத்தறாரு."

கேப்டன் என்பவர் எந்தப் படைக்கும் கேப்டன் இல்லை. மருந்துக்கடை வைத்திருந்தவர். ஒரு பழைய ஜீப் வாங்கியதிலிருந்து மீசையை முறுக்கிவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டார். பட்டம் தானாக ஒட்டிக்கொண்டது. அவர் ஜீப்பின் கதவில் ஒரு ஓட்டை உண்டு. குண்டு துளைத்த ஓட்டை என்பார். சம்பந்திக்கு அந்த ஓட்டை மேல் எப்போதும் ஒரு கண்.

"நான் ஏன்டி சொல்லப்போறேன்? தைக்கக் கொடுத்ததைத் தைச்சுத் தர்றதோட என் வேலை முடிஞ்சுது," என்றாள் குஷன் அக்கா. அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை பேண்டு மாஸ்டர் கடைக்கு வந்தார். கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளிக்கூட விளையாட்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் ஊதப் போகிற கோஷ்டி அவருடையது. பெரிய டிரம்மை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழி தெரியாமல், பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து உள்ளே நுழைந்தார்.

"அக்கா, உறை நைஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு தச்சுக் கொடுங்க. மழை வந்தா தோல் தொளதொளன்னு ஆயிடுது."

டிரம்மை மேசையில் நிறுத்தி அளவெடுத்தால்தான் உறை சரியாக உட்காரும். ஆனால் வட்டமான சாமான் மேசையில் நிற்குமா? அது இந்தப் பக்கம் உருண்டது. மாஸ்டர் பிடித்தார். அந்தப் பக்கம் உருண்டது. குஷன் அக்காவின் கணவர் பிடித்தார். அவர் பிடித்த வேகத்தில் நூல்கண்டுகள் எல்லாம் தரையில் சிதறின.

"இதுக்கு ஒரு முட்டுக் கொடுங்க யாராவது!" என்று கத்திக்கொண்டே, கைக்கு எட்டியதை எடுத்து டிரம்முக்கு அடியில் தள்ளினாள் குஷன் அக்கா. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

டிரம் சட்டென்று அடங்கியது. தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

அவள் தள்ளியது, சம்பந்தியின் லாரிக்கென்று வளைத்த ஒட்டுப்பலகையில் கம்பளி வைத்துத் தைத்து முடித்திருந்த இரண்டு பிறைகள்.

"அட! அளவெடுத்த மாதிரி இருக்கே! எனக்காகவே தச்சீங்களா அக்கா?" மாஸ்டர் டிரம்மைத் தட்டிப் பார்த்தார். 'தும்' என்றது. பிறை நகரவில்லை.

குஷன் அக்கா வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்து மேசையில் வைத்தாள். தட்டினால் அதிரும். அதிர்ந்தால் இரும்பில் உரசும். உரசாமல் இருக்கக் கம்பளி. ஓரத்துத் துளையில் வார் கட்டினால் வண்டி குலுங்கினாலும் டிரம் அசையாது. அந்தக் கொக்கிகள்? ஒன்று அகலம், ஒன்று குறுகல்...

"மாஸ்டர், பெரிய டிரம்னா எல்லாம் இதே அளவுதானா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பட்டாளத்து பேண்டுலயும் ஏறக்குறைய இதான். ஏன் கேக்கறீங்க?"

"பட்டாளத்துல பேண்டுக்காரங்க எதுல போவாங்க?"

"நடந்துதான் வாசிப்பாங்க. ஆனா ஊர் விட்டு ஊர் போகணும்னா வண்டி இல்லாம முடியுமா? இத்தனை சாமானையும் தோள்லயா சுமப்பாங்க?"

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் குஷன் அக்கா உரக்கச் சிரித்தாள். சிரித்த கையோடு நாள்காட்டியைப் பார்த்தாள். நாளை மறுநாள் ஞாயிறு. மாடியில் மர மெஷின் கன் காய்ந்துகொண்டிருக்கிறது. ஊர் பூராச் சொல்லியாகிவிட்டது. இப்போது போய் "அண்ணா, அது துப்பாக்கி இல்லை, டிரம்மு" என்றால்? மகள் அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டாமா?

"பேசாம இரு. கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடு," என்றார் கணவர், தரையில் நூல்கண்டு பொறுக்கியபடி.

அவளும் பேசாமல் இருக்கத்தான் பார்த்தாள். சாயங்காலம் வரை இருந்தாள். ஆனால் மைதானத்தில் அத்தனை பேர் முன்னால், விவரம் தெரிந்த யாரோ ஒருவன் வந்து, "இது டிரம் வைக்கிற இடம் சார்" என்று சொல்லிவிட்டால் சம்பந்தி முகம் என்ன ஆகும்? அதை நினைத்ததும் முடிவு செய்துவிட்டாள். சொந்தக்காரி வீட்டுக்குள் சொல்வது வேறு, ஊரான் மைதானத்தில் சொல்வது வேறு.

மறுநாள் அவள் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது பின்னாலேயே பேண்டு மாஸ்டரின் வேனும் வந்தது. "தெருமுனையிலேயே நில்லுங்க, நான் கூப்பிடறப்ப வாங்க," என்று சொல்லியிருந்தாள். வாசலில் பார்த்தால் கேப்டன் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். லாரியின் மேல் மெஷின் கன் ஏற்றியாயிற்று. கறுப்பு பெயின்ட் பளபளத்தது. தாங்கியில் அது சரியாக உட்காராததால் அடியில் செங்கல் கொடுத்து, அதற்கும் கறுப்பு அடித்திருந்தார் சம்பந்தி.

கேப்டன் முன்னால் சொல்ல முடியாது. குஷன் அக்கா நேரே சமையலறைக்குப் போய், மகளின் மாமியாரிடம் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, நான் சொன்னேன்னு தப்பா நினைக்கக் கூடாது..."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குஷன் அக்கா பதறிப்போனாள். பார்த்தால் சிரிப்பு. கண்ணில் நீர் வர வர ஒரு சிரிப்பு.

"ஒரு மாசமா வீட்டுக்குள்ள டுமீல் டுமீல்னு ஒரே சண்டைக் கதை. கடைசியில டும்டும்மா?" என்றவர், வாசல் பக்கம் திரும்பி, "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

சம்பந்தி வந்தார். கேட்டார். முகம் தொங்கிப்போனது.

"பேண்டு செட்டா?"

"பட்டாளத்து பேண்டு அண்ணா. சும்மா இல்லை."

"முதல்ல தண்ணி பீப்பாய்னீங்க சம்பந்தியம்மா. இப்ப டிரம்முங்கறீங்க. நாளைக்கு இட்லிக் கொப்பரைனு சொல்வீங்க."

அந்தப் பேச்சு சுருக்கென்றது. சமையலறை வாசலில் நின்ற மகள் அம்மாவைப் பார்த்த பார்வை அதைவிடச் சுருக்கென்றது.

"பீப்பாய் தப்புதான் அண்ணா. வச்சுப் பார்த்தோம், தப்புனு தெரிஞ்சுது. இதையும் வச்சுப் பார்த்துடுவோம். பொருந்தலைன்னா நான் இந்த வண்டியைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டேன் என்பது பெரிய வாக்கு. அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

"கூப்பிடுங்க உங்க டிரம்மை," என்றார் சம்பந்தி.

வேன் வந்து நின்றதும் கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. "என்னய்யா இது, ஊதற படையா உன் படை?" என்று தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தார். சம்பந்தி காது சிவந்தது. மர மெஷின் கன்னைத் தானே தூக்கி மாப்பிள்ளையிடம் கொடுத்தார். செங்கல்லையும் எடுத்தார். குஷன் அக்கா கம்பளிப் பிறைகளைத் தாங்கிகளில் பொருத்தினாள். மாஸ்டர் டிரம்மைத் தூக்கி இறக்கினார்.

இறங்கியது. மெத்தென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மாப்பிள்ளை துளைகளில் வாரை நுழைத்து இழுத்தான். டிரம்மின் பக்கவாட்டு இரும்பில் அது தடையே இல்லாமல் இரண்டு திருகுகளுக்கு நடுவே போய்ப் படிந்தது.

மாஸ்டர் கட்டையை எடுத்து ஒரே ஒரு அடி அடித்தார்.

தும்ம்ம்!

லாரியின் இரும்புப் பாடி முழுக்க அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. எதிர்வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடியது. டிரம் இம்மியும் நகரவில்லை.

குஷன் அக்கா சம்பந்தியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாரா, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாரா? அவர் கண் டிரம்மில் இல்லை. பக்கவாட்டுப் பலகையில் இருந்தது.

"அப்போ," என்றார் மெதுவாக, "அந்தக் கொக்கி?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு லாரி மேல் ஏறினார். "அந்த ஊதுகுழலைக் கொடுங்க. இது இல்லை, நீளமா இருக்கே, அது!" டிராம்போனை வாங்கித் தலைக்கு மேலே இருந்த அகலக் கொக்கிகளில் கிடத்தினார். படுத்துக்கொண்டது. டிரம்பெட்டை வாங்கினார். முதல் கொக்கியில் விழுந்தது. இரண்டாவதில் தொங்கியது. மூன்றாவதில் கிளிப் போட்ட மாதிரி நின்றது. "ஆ!" என்று கத்தினார். ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. கீழ் வரிசைக் கொக்கியில் எதுவும் பொருந்தாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, யாரோ கிளாரினெட்டை நீட்டினார்கள். நீட்டிய கை கேப்டனுடையது. தொப்பி எங்கே போனதென்று தெரியவில்லை.

"தலைகீழா வச்சுப் பாருய்யா," என்றார் கேப்டன்.

தலைகீழாக வைத்ததும் பொருந்தியது.

அப்புறம் சம்பந்திக்கே ஒன்று தோன்றியது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், குறுக்குத் தடுப்புகள் போட்ட ஒரு தகரப் பெட்டி இருந்தது. இவ்வளவு நாளும் யுத்த வரைபடம் வைக்கிற பெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மாஸ்டர், நீங்க பார்த்து வாசிக்கிற தாள் இருக்குமே, அதைக் கொடுங்க." இசைக்குறிப்புத் தாள்கள் ஒட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடுப்புகளுக்குள் இறக்கினார். கடைசி அட்டை உள்ளே போனதும் பெட்டியைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"வரைபடம்னா மடிச்சு வைப்பான், சுருட்டி வைப்பான். இத்தனை தடுப்பு எதுக்குனு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துது தங்கச்சி!"

அப்படி ஒரு சந்தேகம் அவருக்கு இருந்ததே இல்லை. குஷன் அக்கா அதைச் சொல்லவில்லை. முதல் தடவையாகத் தன்னைத் தங்கச்சி என்கிறாரே, அதைக் கெடுப்பானேன்?

"ஊர்ல சொன்னதுக்கு என்ன பண்றதுங்க?" என்று மாமியார் கேட்டார். சிரிப்பு இன்னும் அவருக்கு அடங்கவில்லை.

"துப்பாக்கி வண்டி ஆளுக்கொண்ணு வச்சிருக்கான். பேண்டு வண்டி எவன்கிட்ட இருக்கு?" என்றார் சம்பந்தி. காலையில் இதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு லாரி போனபோது பேண்டு கோஷ்டி முழுவதும் அதில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே போனது. வழியில் இருந்த வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. மைதானத்தில் மற்ற வண்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதே' என்று எழுதியிருந்தார்கள். இங்கே குழந்தைகள் வரிசையில் நின்று, ஏறி, ஆளுக்கொரு அடி டிரம்மில் அடித்துவிட்டு இறங்கினார்கள். இறங்கியதும் மறுபடி வரிசையின் பின்னால் போய் நின்றார்கள். சம்பந்தி தொண்டை கட்டும் வரை ஒவ்வொரு கொக்கியையும் காட்டி விளக்கினார். பீப்பாய் உருண்ட கதையையும் சொன்னார். அதில் நாய் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

மெஷின் கன்னை மாமியார் எடுத்துக்கொண்டார். மாடியில் துணிக்கொடிக்கு ஒரு பக்கம் முட்டு இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது.

மகள் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடி வந்து தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள். "சொல்லாதேன்னு சொன்னா கேக்கவா போறே நீ?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

கூட்டம் கலையும் நேரத்தில் கேப்டன் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, சம்பந்தியையும் குஷன் அக்காவையும் ஒரு ஓரமாக அழைத்தார்.

"ஒண்ணும் இல்லை. என் ஜீப் கதவுல அந்த ஓட்டை இருக்குல்ல? குண்டு ஓட்டைதான். அதுல சந்தேகம் இல்லை. ஆனா உள்பக்கம் அதைச் சுத்தி நாலு திருகுத் துளை இருக்கு. குண்டு பாய்ஞ்ச இடத்தைச் சுத்தி எவனாவது திருகு போடுவானா?"

குஷன் அக்காவும் சம்பந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணாடி மாட்டற இடமா இருக்கும் அண்ணா," என்றாள் அவள்.

"கதவுக்கு உள்பக்கத்துலயா கண்ணாடி? விளக்குக்குப் போற ஒயர் வழி தங்கச்சி," என்றார் அவர்.

இருவரும் பேசிக்கொண்டே ஜீப்பை நோக்கி நடந்தார்கள். கேப்டன் பின்னாலேயே ஓடினார்.